நாற்பத்தொன்றாவது முகம்

2023 ஆகஸ்ட் 24, வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு, அருப்புக்கோட்டைக்குத் தெற்கே இருக்கும் தாழைக்குளத்தில், பஸ் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம், நாற்பத்தொரு முகங்கள் கொண்ட ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்று ஏறியது. அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பின்னணியிலிருந்து வெட்டி வரிசையில் ஒட்டியவள் பெயர் மரியபுஷ்பம்.

அரிசி மில் சங்கரலிங்கத்தின் பேத்திகளுக்குக் காதணி விழா. அவர் கொடுத்தது நாற்பது முகங்கள்தான். மாமன், மச்சான், சம்பந்தி, மில்லில் பங்குதாரர், கூட்டுறவு சங்கத் தலைவர் என்று எல்லோரையும் வரிசைப்படுத்திய பிறகு கடைசி வரிசையின் மூலையில் ஓர் இடம் காலியாக நின்றது. தாழைக்குளத்தில் பேனரில் காலி இடம் விடக்கூடாது. விட்டால் அங்கே இருந்தவர் யார், ஏன் எடுத்தார்கள், யாருக்கும் யாருக்கும் பேச்சு இல்லை என்று ஊர் கணக்குப் போட ஆரம்பித்து, விழா முடிவதற்குள் இரண்டு குடும்பம் பிரிந்துவிடும். அதனால் மூலை காலியாகும் போதெல்லாம் மரியபுஷ்பம் தன் கணவன் அருளானந்தின் முகத்தை எடுத்து அங்கே வைத்துவிடுவாள். பேனர் கட்டுகிறவன் என்பதால் யாரும் ஆட்சேபித்ததில்லை. அருளானந்தும் சந்தோஷமாகத் தன் முகத்தைத் தானே தூக்கிக்கொண்டு சாரத்தில் ஏறிக் கட்டுக்கம்பியால் இறுக்கிவிட்டு இறங்குவான்.

அந்தப் பேனர்தான் புது லேப்டாப்பில் செய்த முதல் பேனர். பத்து வருடம் ஓடிய பழைய கம்ப்யூட்டர் ஆடி மாத இடி ஒன்றில் கருகிப்போய், சிங்கப்பூரில் இருக்கும் அவள் அண்ணன், தான் வைத்திருந்த மெல்லிய லேப்டாப்பைக் கொடுத்தனுப்பியிருந்தான். மின்விசிறிச் சத்தம்கூட இல்லாமல், கோயில் புறாவைப் போல மடியில் உட்கார்ந்திருக்கும் அது. ஆனால் அவளுடைய டிசைன் சாஃப்ட்வேர் அதில் ஏறவில்லை. மதுரையிலிருந்து வந்த மெக்கானிக் செல்வின் இரண்டு டீ குடித்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, இதுல இருக்குறது ஆர்ம் சிப்பு. இது வேற வம்சம். உங்க சாஃப்ட்வேரு விண்டோஸ் வீட்டுப் பிள்ளை, இந்த வீட்டுக்குள்ள வராது."

"அப்ப தூக்கிக் குப்பையில போடவா? பத்து வருசத்து ஃபைலு எல்லாம் அந்த சாஃப்ட்வேர்ல தான திறக்கும், எழுத்துரு எல்லாம் அதுல தான இருக்கு?"

"பொறுங்கக்கா. வீட்டுக்குள்ள ஒரு வீடு கட்டிக் குடுக்கேன்."

கட்டினான். லேப்டாப்புக்குள் வர்ச்சுவல் மெஷின் என்ற ஒரு ஜன்னல், ஜன்னலுக்குள் முழுசாக ஒரு விண்டோஸ், அந்த விண்டோஸுக்குள் அவளுடைய பழைய சாஃப்ட்வேர். உள்ளே இருக்கும் விண்டோஸுக்குத் தான் குடியிருப்பது அடுத்தவன் வீடு என்றே தெரியாது என்றும், தனக்கென்று மெஷின் இருப்பதாக நம்பிக்கொண்டு அது பாட்டுக்கு வேலை பார்க்கும் என்றும் செல்வின் சொன்னான். கடையில் அதற்கு உள்வீடு என்று பெயராயிற்று. படங்கள் கொஞ்சம் மெதுவாக விரிந்தன, எழுத்துக்குப் பின்னால் நிழல் போட்டால் ஒரு மூச்சு யோசித்துவிட்டுத்தான் போட்டது, மற்றபடி குறையில்லை.

சாஃப்ட்வேர் மட்டும் சில வாரத்துக்குத்தான் இலவசம். அதற்கும் பேனர்க் கடைகளில் எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்று உண்டு: தேதியைப் பின்னால் தள்ளி வைத்துக்கொள்வது. செல்வின் உள்வீட்டின் கடிகாரம் வெளிக் கடிகாரத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்தான். "இனிமே அதுக்கு வெளிய என்ன தேதின்னு தெரியாது. ஞாயித்துக்கிழமை மூடி வச்சா உள்ளயும் நின்னுரும், திங்கக்கிழமை திறந்தா விட்ட இடத்துல இருந்து ஓடும். எப்பவாச்சும் கெடு நெருங்குனா இன்னுங் கொஞ்சம் பின்னால தள்ளிக்கிடுங்க. அந்த டிக்கை மட்டும் போட்டுராதீங்க. போட்டீங்கன்னா சோலி முடிஞ்சது."

வார நாட்களில் பிரிண்டிங் மெஷின் இரவும் ஓடுமாதலால் லேப்டாப் திறந்தே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அவள் மூடியைச் சாத்திவிட்டுக் கோயிலுக்குப் போவாள்.

முதலில் கண்டுபிடித்தவர் பஸ் நிலையத்து டீக்கடைக்காரர் காசிமணி. மில் சங்கரலிங்கம் கடையில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர், கையில் டம்ளர் இல்லாத நேரத்தில், நாக்கைச் சப்புக்கொட்டி, "காசி, இன்னைக்குச் சீனி தூக்கல்" என்றார். இன்னும் டீ போடவே இல்லை என்று காசிமணி சொல்ல வாயெடுத்தபோது, நேற்று இதே நேரத்தில் கை தவறி இரண்டு கரண்டி போட்டதும், நேற்று அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டுப் போனதும் ஞாபகம் வந்தது. அவர் இன்றைய டீயைப் போட்டு நீட்டினார். சங்கரலிங்கம் குடித்தார். அது எப்படி இருந்தது என்று நாளைக்குத் தெரியும் என்று காசிமணி நினைத்துக்கொண்டார். அடுத்த நாள் அதே நேரத்தில் சங்கரலிங்கம், "இப்ப சரியா இருக்கு" என்றார்.

இப்படித்தான் அது ஊருக்குள் வந்தது. உள்வீட்டில் முகம் வெட்டப்பட்டவர்களுக்கு எதுவும் உடனே போய்ச் சேரவில்லை. கேட்ட கேள்வி, தின்ற சோறு, பட்ட அடி, பார்த்த முகம், எல்லாம் உள்வீட்டுக் கடிகாரம் எவ்வளவு பின்தங்கியிருந்ததோ அவ்வளவு பின்தங்கிப் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொரு ஞாயிறும் மூடி சாத்தப்பட்டதும் அவர்கள் இருந்த இடத்தில் இருந்தபடி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போலக் கண் திறந்து நின்றார்கள். திங்கள் காலை மூடி திறந்ததும் விட்ட வாக்கியத்தை முடித்தார்கள். பின்தங்கல் இன்னும் ஒரு நாள் கூடியிருக்கும். இறந்தவர்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. கண்ணீர் அஞ்சலி பேனர்களில் இருந்தவர்கள் அப்படியே இருந்தார்கள்.

ஊர் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. பேனர்க்காரர்கள் என்று பெயர் வைத்தது, பிறகு அவர்களோடு எப்படி வாழ்வதென்று பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன் நடுத்தெருவில் நின்றுவிட்டவர்களைத் தூக்கி வந்து பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் வரிசையாக வைத்தார்கள். மழை வந்தால் பழைய ஃப்ளெக்ஸ் எடுத்துப் போர்த்தினார்கள், அந்த ஃப்ளெக்ஸ்களிலும் அவர்களே சிரித்துக்கொண்டிருந்தார்கள். கல்லாய் நின்றவர்களுக்குச் சோறு தேவைப்படவில்லை. வங்கியில் அவர்களுக்கென்று ஒரு பெஞ்சு ஒதுக்கினார்கள். கேட்டுவிட்டுப் போய் வேறு வேலை பார்க்கலாம், பதில் வரும்போது யாராவது வந்து கூப்பிடுவார்கள். பெண் கேட்டுப் போனவர்கள் கேட்டுவிட்டு வெற்றிலைத் தட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தார்கள். பேனர்க்காரன் ஒருவனை முகத்துக்கு நேரே திட்டுவது முதலில் பலருக்கு இனித்தது, அவன் சிரித்துக்கொண்டே போவான்; சில நாள் கழித்து அதே நேரத்தில் அவன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது திட்டியதே மறந்துபோயிருந்தது. அதன் பிறகு ஊரில் வசவு குறைந்தது. போலீஸ் ஏட்டு அதைத் தன் சாதனையாகச் சொல்லிக்கொண்டார்.

புரட்டாசி பாதியானபோது உள்வீட்டில் வெட்டப்பட்ட முகங்கள் முன்னூறைத் தாண்டியிருந்தன. அருப்புக்கோட்டையில் வேறு கடையில் ஏதோ பேனரில் ஏறிய ஒருவர், அங்கே கம்ப்யூட்டரில் தேதி சரியாக இருந்ததால், அந்த நிமிடமே நேராகிவிட்டார், உள்வீட்டுப் பேனரில் அவர் முகம் இருந்த இடமும் தானாகக் காலியானது. பாக்கி இருந்த டீயும் பேச்சும் சிரிப்பும் ஒரே மூச்சில் வந்து மோத, பஸ்ஸில் உட்கார்ந்து ஊர் வரும்வரை விக்கிக்கொண்டே வந்தார். ஆக, வழி இருந்தது. யாரும் அவசரப்படவில்லை. மரியபுஷ்பமும் அவசரப்படவில்லை. டிக்கைப் போட்டால் சாஃப்ட்வேர் போய்விடும், முன்னால் தீபாவளி சீசன் நின்றது.

அப்போதுதான் மில் சங்கரலிங்கத்தின் மனைவி காலமானாள். அன்று அவர் பந்தலில் உட்கார்ந்து, போன வாரத்து நகைச்சுவை ஒன்றுக்குத் தொடையைத் தட்டிச் சிரித்தார். வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தூக்கிப் போய், எரித்து, கூட்டம் கலைந்து, பந்தலைப் பிரித்தும் ஆயிற்று. உரிய நாள் வந்தபோது அவர் மில் வாசலில் தனியாக நின்றபடி, "ஏ, என்னடி இது" என்று ஒரு சத்தம் கொடுத்தார். அது மில் சைரனைத் தாண்டிக் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் அன்று மாலையே பேசி முடிவெடுத்தார்கள். அதிலிருந்து பேனர்க்காரர் வீட்டில் துக்கம் நடந்தால் இரண்டு முறை கூடுவது என்றானது. இரண்டாவது முறை பிணம் இருக்காது. பாயை விரித்து, பெண்கள் மறுபடியும் தலையை விரித்துப்போட்டு, முதல் முறை அழுத அதே வரிகளை அதே இடத்தில் அழுதார்கள். அவர் தனியாக அழக்கூடாது என்பதற்காக.

பேச்சியம்மாள் வந்தது அந்த இரண்டாம் துக்கத்துக்கு மறுநாள். கருவாட்டுக் கூடைக்காரி, நாலு நாள் முன்னால் மகனைக் கண்மாயில் பறிகொடுத்தவள். கடைப்படியில் கூடையை வைத்துவிட்டு, முந்தானையில் முடிந்து வைத்திருந்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை நீட்டினாள். அவளுடைய போட்டோ.

"என்னைய எதுலயாச்சும் ஓரமா போட்டுரு தாயி."

"யக்கா, அது கலியாண பேனரு."

"எதுவா இருந்தா என்ன? ஒரு வாரம் பின்னால போகுதாம்ல. போன வாரம் இந்நேரம் அவன் எங்கூட வம்பு வளத்துக்கிட்டு இருந்தான், மீன் கொழம்புல புளி பத்தலன்னு." அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. "திரும்பியும் அந்த நாளு வரும்னுதான சொல்லப் போற? வரட்டும். அதுக்கு எடையில அவன் இருப்பான்ல."

மரியபுஷ்பம் போட்டுக்கொடுத்தாள். பேச்சியம்மாள் தெருவில் காற்றோடு சண்டை பிடித்தபடி, புளியைப் பற்றிப் பேசியபடி, சந்தோஷமாகப் போனாள். உரிய நாளில் ஊர் இரண்டாம் முறை அவள் வீட்டில் கூடியது. அதற்குப் பிறகு கடைப்படியில் போட்டோவோடு வந்து நின்றவர்களை மரியபுஷ்பம் எண்ணவில்லை. ஆனால் அவர்கள் யாரும் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்பதைக் கவனித்தாள். தீர்ப்பு வந்துவிட்ட வழக்குக்காரர், ரிப்போர்ட் வாங்கிவிட்ட நோயாளி, பிள்ளையை வெளிநாட்டுக்கு ஏற்றி அனுப்பிவிட்டு வந்த தகப்பன். எல்லோரும் ஓரமாக ஓர் இடம் கேட்டார்கள்.

அவள் வீட்டிலும் இருந்தது அது. அருளானந்து எல்லோரையும் விட அதிகம் சிரிக்கிறவன், இப்போதும் சிரித்தான், ஆனால் அவள் சொன்னது அவளுக்கே மறந்த பிறகு சிரித்தான். உலையில் அரிசி இருக்கிறதா என்று கேட்டால் அந்த அரிசி தின்று முடிந்த பிறகு பதில் வந்தது. ஒருநாள் சமையலறையில் அவன், "அதெல்லாம் ஒண்ணுமில்ல புள்ள, நீ அழாத" என்று அவள் தோளைத் தொட்டான். தான் எப்போது அழுதோம், எதற்காக அழுதோம் என்று அவள் நின்று யோசிக்க வேண்டியிருந்தது.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, மெயின் ரோட்டில் ஜவுளிக்கடை திறப்பு விழாவுக்கு முப்பதடி பேனர். இரும்புச் சட்டம். அருளானந்து கட்டுக்கம்பிச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு சாரத்தில் கால் வைத்தபோது, கடையைப் பூட்டாமலே பின்னால் வந்திருந்த மரியபுஷ்பம், கீழே நின்றபடி கேட்டாள்:

"ஏங்க, உங்க மூஞ்சிய அந்தப் பேனர்லருந்து எடுத்துரட்டா?"

உள்வீட்டில் இருந்த காதணி விழாப் பேனரிலிருந்து எடுத்துவிட்டால் அவன் நேராகிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கேட்டுச் செய்ய நினைத்தாள். கேட்டுவிட்டு, பதில் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால், காசிமணி கடைக்கு டீ குடிக்கப் போனாள்.

டம்ளர் பாதி காலியானபோது சத்தம் கேட்டது. மண்ணெண்ணெய் டின்னை ஓங்கித் தரையில் அறைந்தது போன்ற சத்தம். காற்றில் சட்டத்தின் மேல்முனை சாய்ந்து மேலே போன உயர் அழுத்தக் கம்பியைத் தொட்டிருந்தது. சட்டம் நீலமாக எரிந்தது, ஃப்ளெக்ஸ் சுருண்டு பாதி ஜவுளிக்கடை முதலாளியின் முகம் உருகி வழிந்தது, மெயின் ரோடு முழுக்க மின்சாரம் போனது. அருளானந்து இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பிறகு அவன் கையை எடுத்தான். நிதானமாக ஒவ்வொரு கழியாகக் கால் வைத்து இறங்கினான். அவன் செருப்பு இரண்டும் சாரத்தில் ஒட்டிக்கொண்டு மேலேயே இருந்தன. கீழே வந்து, உள்ளங்கையை வேட்டியில் துடைத்து, நின்றவர்களைப் பார்த்துச் சிரித்து, போன வாரம் கட்டிய கலியாண பேனரைப் பற்றிச் சொன்னான்: "அந்த வாழைமரத்தைக் கொஞ்சம் தள்ளிக் கட்டச் சொன்னா கேட்டாத்தான? மாப்பிள்ளை மூஞ்சி தெரியல."

இரண்டு பேர் அவனைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார்கள்.

அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் கையைப் பார்த்தார், நெஞ்சைப் பார்த்தார், இசிஜி எடுத்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தன. தோலில் ஒரு கொப்புளம்கூட இல்லை. "இன்னும் அவருக்கு வரல" என்றார் டாக்டர், அவரும் ஊருக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதமாகியிருந்தது, பழகியிருந்தார். "வரும்போது கூட்டிட்டு வாங்க. ஆம்புலன்ஸ நிப்பாட்டி வைக்கச் சொல்றேன்."

வெளியே வயர்மேன் சீனிச்சாமி நின்றிருந்தார். "பதினோராயிரம் வோல்ட்டும்மா" என்றார் அவளிடம், மெதுவாக. "ஆம்புலன்ஸ்லாம் வேண்டாம்."

மரியபுஷ்பம் கடைக்கு ஓடவில்லை, நடந்தாள். பிரிண்டிங் மெஷின் மின்சாரம் இல்லாமல் நின்றிருந்தது. லேப்டாப் தன் பேட்டரியில் திறந்திருந்தது, உள்வீட்டில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் மூடியைச் சாத்தினாள். ஆஸ்பத்திரி வாசலில் வேப்பங்குச்சி ஒடித்துக்கொண்டிருந்த அருளானந்து கையை உயர்த்தியபடி நின்றான். மில்லில் சங்கரலிங்கம் நின்றார், கூடையோடு பேச்சியம்மாள் நின்றாள், வங்கிப் பெஞ்சில் ஒரு வரிசை நின்றது. அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை என்பதை ஊர் கொஞ்சம் தாமதமாகத்தான் உணர்ந்தது.

மூன்றாம் நாள் வந்தார்கள். சங்கரலிங்கத்தின் மகன், கூட்டுறவு சங்கத் தலைவரின் மனைவி, இன்னும் பலர். யாரும் குரலை உயர்த்தவில்லை.

"நாங்க எதையும் தப்பாச் சொல்ல வரல மதினி" என்றான் சங்கரலிங்கத்தின் மகன். "அறுவடை நேரம். அப்பா கையெழுத்து இல்லாம மில்லு ஓடாது. நீங்க திறக்காட்டி எங்க ஆளுக எத்தன நாளைக்கு இப்படிக் கெடப்பாக?"

"திறந்தா ஒரு வாரத்துல எங்க ஆளு கெடப்பாரு" என்றாள் மரியபுஷ்பம்.

தலைவரின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒனக்காகத்தான் இத்தன நாளு பொறுத்தோம். ஆனா யோசிச்சுப் பாரு. ஒருத்தருக்காக முன்னூறு பேரு."

"அவருதான் மூலையில நின்னு உங்க வரிசைய நெரப்புனாரு."

கடைசியில் வழி சொன்னது அவளேதான். லேப்டாப்பைத் திறக்க மாட்டாள். ஆனால் அருப்புக்கோட்டையில் தேதி சரியாக இருக்கும் கடைகள் இருக்கின்றன, ஒவ்வொருவர் முகத்தையும் அங்கே கொண்டுபோய் மறுபடி வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். போனார்கள். அந்த வாரம் முழுக்க வேப்பமரத்தடியில் ஒவ்வொருவராக உயிர் பெற்றார்கள், குடித்த டீக்கெல்லாம் நாக்கைச் சப்புக்கொட்டி, வாங்கிய வசவுக்கெல்லாம் கோபப்பட்டு, தாமதமாய் நின்ற எல்லாவற்றையும் வரிசையாக வாங்கி முடித்துக்கொண்டு, வேட்டியை உதறி எழுந்து வீட்டுக்குப் போனார்கள். ரிப்போர்ட் வாங்கியிருந்த நோயாளி எழுந்திருக்கவில்லை. அவருக்கு அங்கேயே பாய் விரித்தார்கள். பேச்சியம்மாளின் முகத்தை எடுத்துக்கொண்டு போக ஆள் இல்லாததால் மரியபுஷ்பமே பஸ் ஏறிப் போய் வந்தாள். பேச்சியம்மாள் உயிர் பெற்று, கூடையைப் பார்த்து, "இம்புட்டுதானா" என்று மட்டும் கேட்டாள்.

மரத்தடி காலியானதும் ஊர் பழையபடி ஆனது. புதுப் பேனர்கள் வேறு கடைகளில் அச்சாகி வந்தன. காசிமணி சீனி போடுவதில் மறுபடி கவனக்குறைவானார். உள்வீட்டில் ஒருவன் மட்டும் மீந்தான்.

அவனை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள். வேப்பங்குச்சியைக் கையிலிருந்து எடுக்க முடியவில்லை, அப்படியே விட்டாள். தாடி வளரவில்லை, நகம் வளரவில்லை. அவன் மீது விழும் தூசியை மட்டும் துடைக்க வேண்டியிருந்தது. அவள் பஜாரில் வாடகைக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் பிடித்து, ஜெராக்ஸும் ஆதார் பிரிண்டுமாகக் காலம் தள்ளினாள்.

கணக்கு அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கம்பிக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு வாரம் சொச்சம் இருந்தது. மூடி சாத்தியிருக்கும்வரை அது செலவாகாது. அவள் அதைச் செலவு செய்யாமலே வைத்திருந்திருக்கலாம். ஆனால் முதல் மாதம் முடிந்தபோது, பூசைக்குப் போய்விட்டு வந்த ஞாயிறு ஒன்றில், சேலையை மாற்றாமலே உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். உள்வீட்டில் அந்தப் பேனர் அப்படியே விரிந்தது. வேறு கடையில் வெட்டப்பட்டவர்கள் எல்லோரும் அதிலிருந்து தானாகவே போயிருந்ததால், மஞ்சள் பட்டுப் பின்னணியில், இரண்டு சிறுமிகளுக்குக் கீழே பெரிய வெறும் இடமும் கடைசி மூலையில் ஒரு முகமும் இருந்தன. அருளானந்து வேப்பங்குச்சியை ஒடித்தான்.

ஞாயிற்றுக்கு மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொண்டாள். அந்த நேரம் அவன் அக்டோபர் மாதத்தில் இருந்தான். இல்லாத வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினான், இல்லாத சாரத்தில் ஏறக் கால் தூக்கினான், அப்போது அவள் ஸ்டூலை நகர்த்தி வைத்தாள். அந்த வாரத்தில் தான் அவனிடம் சொன்னவற்றையெல்லாம் அவள் ஒவ்வொன்றாக ஞாபகத்தில் தோண்டி எடுத்தாள்; அவை அவனுக்கு எட்டும் நேரம் பார்த்து, அதே வார்த்தைகளை மறுபடி வாயால் சொன்னாள்.

"குடை எடுத்துட்டுப் போங்க."

"மழையெல்லாம் பேப்பர்ல தான் பெய்யுது" என்பான் அவன் உடனே.

இப்படிச் சொன்னால் அது பேச்சு போலவே இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர்கள், புருஷனும் பொண்டாட்டியும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் சொன்னார்கள். ஆனால் ஒரு வார்த்தை புதிதாகச் சேர்க்க முடியாது. புதிதாக அவள் சொல்வது எதுவானாலும் அது வரிசையில் கம்பிக்குப் பின்னால்தான் நின்றது. அப்படியும் அவள் சொன்னாள். ஒவ்வொரு ஞாயிறும் மூடியைச் சாத்துவதற்கு முன், அந்த வாரம் ஊரில் நடந்ததை, யார் செத்தார், யாருக்குப் பிள்ளை பிறந்தது என்பதை, காசிமணி கடைக்குக் கல்பெஞ்சு போட்டதை, அவன் முகத்துக்கு நேரே சொல்லி வைத்தாள்.

ஒரு கிறிஸ்துமஸ் போய் இன்னொரு கிறிஸ்துமஸ் வந்தது. செல்வின் ஒருமுறை வந்து, சாஃப்ட்வேர் கெடு நெருங்கிவிட்டது, உள்வீட்டுத் தேதியைப் பின்னால் தள்ளவா என்று கேட்டான். அவள் அவனுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினாள். தள்ளினால் அருளானந்து பேச்சியம்மாளைப் போல அதே வாரத்தை இன்னொரு முறை கடப்பான் என்று அவளுக்குத் தெரியும். பேச்சியம்மாள் கடைசியில் கூடையைப் பார்த்துக் கேட்டதும் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

சொல்ல வேண்டிய வார்த்தைகள் குறைந்துகொண்டே வந்தன. புதன்கிழமைச் சண்டை முடிந்தது. புதன்கிழமைச் சாப்பாடு முடிந்தது. வியாழக்கிழமை காலை அவன் முகம் கழுவினான். ஒரு ஞாயிறு, கட்டுக்கம்பிச் சுருளை மாட்டுவது போலத் தோளைச் சாய்த்தபோது, அவள் மூடியைச் சாத்திவிட்டாள். பிறகு பல ஞாயிறு திறக்கவில்லை. அவன் தோளைச் சாய்த்தபடியே உட்கார்ந்திருந்தான். அவனிடம் மீதி இருந்தது ஒரு கேள்வி, அதற்கான பதில், பிறகு பாதி டம்ளர் டீ குடிக்கிற நேரம். அதைத் தொடாமல் வைத்திருந்தால் அவள் ஆயுசுக்கும் வரும். பதில் என்னவென்று தெரியாமலும் ஆயுசுக்கும் இருக்க வேண்டும்.

மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில், மாலைப் பூசைக்கு மணி அடித்த பிறகு, போகாமல் உட்கார்ந்து திறந்தாள். அவன் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அன்று கீழே நின்று கேட்டது போலவே தலையை நிமிர்த்திக் கேட்டாள்:

"ஏங்க, உங்க மூஞ்சிய அந்தப் பேனர்லருந்து எடுத்துரட்டா?"

அவன் குனிந்து, அவள் இருந்த இடத்தைப் பார்த்தான். கொஞ்ச நேரம் யோசித்தான். அவன் இத்தனை நேரம் யோசிப்பான் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

"எடுத்துரு புள்ள" என்றான். "நாலு பேரு சிரிச்சு முடிச்ச பெறகு நான் ஒருத்தன் சிரிக்கிறது நல்லாவா இருக்கு?"

சொல்லிவிட்டு மேலே பார்த்தான். அவள் மூடியைத் தொட்டாள். பிறகு கையை எடுத்து, மூலையில் இருந்த முகத்தின் மீது சொடுக்கினாள். முகத்தைச் சுற்றி எட்டுச் சிறு கறுப்புச் சதுரங்கள் வந்தன. அழித்தாள். உள்வீடு வழக்கம்போல ஒரு மூச்சு யோசித்துவிட்டு, மாற்றத்தைச் சேமிக்கவா என்று கேட்டது. சேமித்தாள்.

வரிசையில் முதலில் நின்றது கம்பிதான். அதற்குப் பின்னால் நின்றவை, மறுபடி சொன்ன குடை, கல்பெஞ்சு, பிறந்த பிள்ளைகள், ஒவ்வொரு ஞாயிறும் அவள் சொல்லி வைத்தவை, அவனை எட்டினவா என்பதைச் சொல்ல ஆள் இல்லை.

அருளானந்து, வயது 43, தாழைக்குளம் மேலத்தெருவில் உள்ள தன் வீட்டில் 2025 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தே காலுக்கு, உயர் அழுத்த மின்சாரம் தாக்கி இறந்தான். அன்று ஊரில் மின்தடை எதுவும் இல்லை.